மூன்றாவது மெசேஜ்

எங்கள் வீட்டில் எதையும் மூன்று முறை சொன்னால்தான் காதில் ஏறும். முதல் முறை சொல்வது காற்றோடு போகும். இரண்டாம் முறை சொல்வது சுவரில் பட்டுக் கீழே விழும். மூன்றாம் முறை குரல் கொஞ்சம் உயர்ந்தால் எங்களில் யாராவது தலையைத் திருப்பி, "என்ன, கூப்பிட்டீங்களா?" என்போம். அண்ணி தொழிற்கல்லூரியில் சேர்ந்த செய்தியும் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. முதலில் சொன்னபோது அண்ணன் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். மழை வருமா வராதா என்பதுதான் அவனுக்கு உலகச் செய்தி. இரண்டாம் முறை சொன்னபோது நான் கால் நகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அண்ணி டிவியை அணைத்துவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள்.

மென்பொருள் உருவாக்கத்தில் பட்டப்படிப்பு. மூன்று வருடம். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. சேரட்டுமா என்று அவள் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டேன் என்றாள்.

அண்ணன் நிதானமாக யோசித்துவிட்டு, நல்ல விஷயம்தான், ஆனால் ராத்திரிச் சாப்பாடு யார் செய்வது என்று கேட்டான். நான் அவனைவிட ஒரு படி மேலே போய், படிக்கக் கண்ணாடி தேடுகிற வயதில் கம்ப்யூட்டர் படிப்பா என்றேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது, அது ஊரறிந்த விஷயம். சாப்பாட்டை நீங்கள் இருவரும் செய்யுங்கள், கண்ணாடியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் கோபப்பட்டால் பாத்திரம் சத்தம் போடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அவள் ஒருமுறை கல்லூரியில் படித்துப் பாதியில் விட்டவள். அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு கல்யாணம், பிறகு மகள். பாதியில் விட்டவளைப் பற்றி உலகம் மிச்சப் பாதியைத்தான் கேட்கும். ஏன் முடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெரு சலவைக் கடையில் கவுண்ட்டருக்குப் பின்னால் பத்து வருடமாக நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கடை முதலாளி மரியாதைக்குப் பேர்போனவர். தெரு நாய் வாசலில் படுத்திருந்தால்கூட "கொஞ்சம் நகர்ந்துக்குறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். வாடிக்கையாளர் துணியைக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் கழித்து வந்தாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவர்களாக வராமல் நாமாகக் கூப்பிடுவது, விருந்தாளியைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி. அதனால் கடையின் பின்னறையில் துணிகள் குடியேறிவிட்டன. இரும்புக் கம்பி வளைகிற அளவுக்குக் கோட்டுகள், எந்த ஜன்னலுக்கு உரியவை என்றே தெரியாத திரைச்சீலைகள், மூலையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கல்யாண உடைகூட இருந்தது. அந்த உடையைப் பற்றி யாரும் கேட்டால் முதலாளி பேச்சை மாற்றிவிடுவார்.

கல்லூரி என்றதும் மரமும் மணிக்கூண்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாம்பல் நிறக் கட்டடம். தரைத்தளத்தில் வெல்டிங், அதற்கு மேலே குழாய் வேலை, எல்லாவற்றுக்கும் மேலே மென்பொருள். கீழே தீப்பொறி பறக்கும், நடுவில் தண்ணீர் ஒழுகும், மேலே அண்ணியின் தலையில் புகை வரும். கூடப் படித்தவர்கள் எல்லாம் அவள் வயதில் பாதி. முதல் வாரம் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். ஒரு பெண் அரை நாளாகத் தேடியும் கிடைக்காத பிழையை, இதோ அடைப்புக்குறியை மூடவில்லை என்று அண்ணி எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு அக்கா ஆகிவிட்டாள். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சட்டையில் எந்தப் பொத்தான் போயிருக்கிறது என்று பத்து வருடம் பார்த்த கண். ஆனால் அவளே போட்ட அடைப்புக்குறியில் அந்தக் கண் வேலை செய்யாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

வீட்டில் நாங்கள் பட்ட பாடு தனி. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள் லேப்டாப், மறு பக்கம் மகளின் வீட்டுப்பாடம். என் பக்கத்துக்கு வந்தால் வாடகை கொடுங்கள் என்று மகள் சட்டம் பேசுவாள். அண்ணியின் பேச்சும் மாறிப்போனது. அண்ணன் கடைக்குக் கிளம்பினால், பால் இருந்தால் வாங்கு, இல்லையென்றால் பால் பவுடர் வாங்கு, இரண்டும் இல்லையென்றால் திரும்பி வா என்று மூன்று வழியும் போட்டுக் கொடுப்பாள். ஒருநாள் அவன் பாலும் வாங்கி, பவுடரும் வாங்கி வந்தான். இந்த மனுஷனுக்கு மட்டும் எந்தக் கட்டளையும் வேலை செய்யமாட்டேன் என்கிறது என்று அண்ணி நொந்துகொண்டாள்.

இங்கே அண்ணனின் நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் அறையில் ஒரு மர நாற்காலி உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. துவைக்கப் போடுகிற அளவுக்கு அழுக்காகாத, மடித்து வைக்கிற அளவுக்குச் சுத்தமும் இல்லாத அண்ணனின் துணிகளெல்லாம் அதன்மேல்தான். ஊர்த் துணியையெல்லாம் நாள் முழுக்க மடித்துவிட்டு வரும் பெண்ணின் வீட்டில் இப்படி ஒரு மலை. அவளும் முதல் முறை சொன்னாள், இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்வதற்குள் மலை இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

கடைசி வருடத்தில்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது. தொழிற்கல்லூரியில் பரீட்சை எழுதினால் மட்டும் பட்டம் கிடையாது. வெல்டிங் பிள்ளைகள் நிஜ வீட்டுக்கு நிஜ கேட் போட்டுக் காட்ட வேண்டும். குழாய்ப் பிள்ளைகள் நிஜக் குழாயில் நிஜத் தண்ணீர் வரவைக்க வேண்டும். மென்பொருளுக்கும் அதே சட்டம்தான். ஒரு நிஜக் கடையில் நிஜமாக ஓடுகிற புரோகிராமை வைக்க வேண்டும். வெளியிலிருந்து தேர்வாளர் அந்தக் கடைக்கே வருவார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடை முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: நாளைக்கே இதை எடுத்துவிட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா? இருக்கும் என்றால் தேர்ச்சி. இருக்காது என்றால் அந்த வருடம் திரும்பவும் முதலிலிருந்து.

அண்ணி சலவைக் கடையைத்தான் எடுத்துக்கொண்டாள். எந்தத் துணி எந்தக் கம்பியில் எத்தனையாவது ஹேங்கரில் தொங்குகிறது என்று புரோகிராம் சொல்லும். எடுக்க வராதவர்களுக்கு மூன்று மெசேஜ் அனுப்பும். முதலாவது இனிப்பாக, இரண்டாவது கொஞ்சம் நினைவுபடுத்துகிற மாதிரி, மூன்றாவது கறாராக. எங்கள் வீட்டில் வாழ்ந்தவளுக்கு அந்த மூன்று என்ற கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெசேஜா என்று முதலாளி முதலில் முகம் சுளித்தார். வாடிக்கையாளர் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று போடுவதாக இருந்தால் பரவாயில்லை என்று பிறகு இறங்கி வந்தார்.

ஆனால் சிக்கல் மெசேஜில் இல்லை. ஒரு கம்பெனி, பட்டம் வாங்கி வந்தால் வேலை தருவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தது. அது முதலாளிக்கும் தெரியும். அவர் 'கஷ்டமாக இருக்கும்' என்று சொன்னால் அண்ணி பாஸ். அண்ணி பாஸானால் அவர் கவுண்ட்டரில் ஆள் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அவர் கெட்டவர் இல்லை, நல்லவர்தான். நல்லவர்களை நம்பித்தான் பாதி வேலைகள் நடக்காமல் போகின்றன என்று நான் அண்ணியிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவையும் முடியலன்னா நான் திரும்பப் படிக்க உக்கார மாட்டேன்" என்றாள். "ஒரு தடவை விட்டதுக்கு அப்பாவச் சொன்னேன், கல்யாணத்தச் சொன்னேன். ரெண்டாவது தடவை விட்டா யாரச் சொல்றது? என்னைத்தான் சொல்லணும்."

நல்லவேளையாக அப்போது நான் ஏதும் கிண்டலாகச் சொல்லவில்லை.

முதல் இரண்டு மெசேஜையும் அவள் சீக்கிரம் எழுதிவிட்டாள். மூன்றாவதுதான் வரவில்லை. யாரையும் கறாராகப் பேசத் தெரியாது அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கடகடவென்று தட்டினாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

'உங்க துணி இங்கேயே கிடக்கு. முதல் தடவை சொன்னேன். ரெண்டாவது தடவையும் சொன்னேன். காதுல விழுந்த மாதிரியே தெரியல. நானும் எவ்வளவு நாள்தான் பத்திரமா வெச்சுக் காப்பேன்? வந்து எடுத்துட்டுப் போங்க.'

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இது சும்மா வீட்டுக்குள் சோதித்துப் பார்க்க என்றாள் அண்ணி. புரோகிராமில் இரண்டு பட்டியல் இருந்தன. ஒன்று கடையின் உண்மையான வாடிக்கையாளர்கள். இன்னொன்று சோதனைப் பட்டியல், அதில் எங்கள் நம்பர்கள் மட்டும்தான். எது செய்தாலும் முதலில் சோதனைப் பட்டியலில் செய்து பாருங்கள் என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலில் அண்ணன் பெயர் 'நாற்காலி'. மகள் பெயர் 'வாடகை'. என் பெயர் 'ரேடியோ'. அது என்ன ரேடியோ என்று கேட்டேன். அணைக்கிற பொத்தான் உடைந்த ரேடியோ என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தேர்வாளர் வருகிற அன்று காலை நான் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அண்ணி லேப்டாப்பை எடுத்துப் போனவள் சார்ஜரை மேசையிலேயே விட்டுவிட்டாள். நான் வேலை பார்த்த செருப்புக் கடை அப்போதுதான் மூடியிருந்தது. வெட்டியாகத்தான் இருந்தேன், எடுத்துக்கொண்டு போனேன். கடை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதலாளி சட்டையில் மடிப்புக் கலையாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடம் வருவதற்குள் ஒரே ஒரு முறை மெசேஜ் போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், பிறகு அந்தக் கிண்டலை எடுத்துவிட்டு மரியாதையான வாசகத்தைப் போட்டுவிடுகிறேன் என்றாள். பொத்தானை அழுத்தினாள்.

என் போன் கத்தும் என்று கையில் வைத்துக் காத்திருந்தேன். அது கத்தவில்லை. முதலாளியின் போன் கத்தியது.

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எழுத்துக் கூட்டுகிறவர்போல வாசித்தார். "உங்க துணி இங்கேயே கிடக்கு… காதுல விழுந்த மாதிரியே தெரியல…" பிறகு தலையை உயர்த்தி அண்ணியைப் பார்த்தார். பின்னறையில் அவருடைய சொந்தக் கோட் ஒன்றும் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சொந்தக் கடையிலேயே எடுக்காமல் விட்டிருக்கிறார்.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் முதலாளி, எல்லாப் பெயருக்கும் பின்னால் 'அவர்கள்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் காட்டுவதற்காக உண்மைப் பட்டியலுக்கு மாற்றியவள், திரும்பச் சோதனைப் பட்டியலுக்கு மாற்ற மறந்துவிட்டாள். மரியாதையைச் சரிபார்க்கப் போய் வந்த வினை. இருநூறுக்கு மேற்பட்ட 'அவர்கள்'களுக்கு அந்த மெசேஜ் போய்விட்டது.

கடை போன் அடிக்க ஆரம்பித்தது. அதை வைப்பதற்குள் ஆட்களே வந்துவிட்டார்கள். முதலில் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர், கையில் போனோடு. எங்கம்மாகூட என்னை இப்படித் திட்டியதில்லை என்று சிரித்தார். அடுத்து வந்தவர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் மரியாதையாக நடத்திவிட்டு இப்போது என்ன இது என்று கேட்டார். முதலாளி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது வந்தவர், நான்காவது வந்தவர் என்று எல்லோரிடமும் கேட்டார். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கூட்டத்துக்கு நடுவே அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார்.

"முப்பது வருஷமா யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா."

அவர் கத்தியிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. சார்ஜரைக் கீழே வைத்துவிட்டு கவுண்ட்டருக்குள் நுழைந்தேன். அண்ணி, நீங்கள் நம்பரைச் சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் புரோகிராமைப் பார்த்து கம்பியும் ஹேங்கரும் சொல்ல, நான் பின்னறைக்கு ஓடி எடுத்து வந்து பெயரைக் கூவினேன். உடைந்த ரேடியோவுக்கு அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது. பெரும்பாலும் சொன்ன இடத்திலேயே துணி இருந்தது. சிலவற்றை முதலாளி தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்திருந்தார், அவற்றை அவரே வந்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் கல்யாண உடைக்கு ஒரு பெண்மணி வந்தார், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. கல்யாணம் முடிந்ததும் வெளுக்கப் போட்டது, வீடு மாறினோம், பிள்ளைகள் வந்தார்கள், மறந்தே போச்சு என்றார். இத்தனை வருடம் அதற்கு ஒரு சோகக் கதையை மனதில் வைத்திருந்த முதலாளிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

தெருவில் ஒரே ஹாரன் சத்தம். பள்ளிப் பேருந்து ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது, உள்ளே பிள்ளைகள் இல்லை. அண்ணன் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றான். டிரைவர் யூனிஃபார்ம் கோட்டைப் போன வருடமே வெளுக்கப் போட்டவன், பெண்டாட்டி அங்கேயே வேலை பார்த்தும் எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லோர் கையிலும் அதே மெசேஜைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றான் என்னிடம்.

உனக்கு மட்டும்தான் எழுதியது, ஊருக்கே போய்விட்டது என்றேன்.

இதற்கிடையில் ஒரு பெண்மணி வரிசையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார். பின்னால் போய் நில்லுங்கள் என்று நாலு பேர் சண்டைக்குப் போனார்கள். அவரும் பின்னால் போய் நின்றார். அவர் முறை வந்தபோது நான் டோக்கனைக் கேட்டேன். டோக்கன் இல்லை, நான் கல்லூரியிலிருந்து தேர்வுக்கு வந்திருக்கிறேன் என்றார். எனக்கு வாழ்நாளில் முதன்முறையாகப் பேச்சு நின்றது.

இவ்வளவு கூட்டம் எப்போதும் இருக்குமா என்று தேர்வாளர் கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். பொய் சொல்லி அறியாத மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த மெசேஜைத் தான்தான் அனுப்பச் சொன்னதாகச் சொன்னார். காது இரண்டும் சிவந்துபோய் நின்றார். நான் மனதுக்குள் அவர் காலில் விழுந்தேன். இதோடு முடிந்தது, அண்ணி பாஸ் என்று நினைத்தேன்.

"இல்ல மேடம், அவர் சொல்லல" என்றாள் அண்ணி. "தப்பு என்னோடது. சோதனைப் பட்டியல்னு நெனச்சு உண்மைப் பட்டியலுக்கு அனுப்பிட்டேன்."

அவளை அங்கேயே கிள்ளவேண்டும் போல இருந்தது எனக்கு. யாரும் கேட்காத உண்மையை எடுத்துக் கொடுக்க என்ன அவசரம்? தேர்வாளர் கையிலிருந்த பேனாவை மூடினார். அடுத்த முறை இது நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கோபமாகவும் கேட்கவில்லை, கனிவாகவும் கேட்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால், இது உண்மையான ஆட்களுக்குப் போகிறது, இத்தனை பேருக்குப் போகிறது, அனுப்பட்டுமா என்று புரோகிராமே கேட்கவேண்டும் என்றாள் அண்ணி. சோதனை வாசகம் எதையும் உண்மைப் பட்டியலுக்கு அது விடவே கூடாது என்றாள். செய்யுங்கள் பார்க்கலாம் என்றார் தேர்வாளர்.

அண்ணி அங்கேயே உட்கார்ந்தாள். சுற்றிலும் சத்தம், தோள்மேல் தேர்வாளரின் பார்வை, லேப்டாப் ஓரத்தில் யாரோ வைத்த போர்வை மூட்டை. நான் சார்ஜரைச் செருகிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். அவள் ஒருமுறை ஓட்டினாள், பிழை காட்டியது. இன்னொரு முறை ஓட்டினாள், திரும்பவும் பிழை. முகம் வேர்த்துவிட்டது. பிறகு எங்கேயோ ஒரு அடைப்புக்குறியை மூடினாள். திரையில் கேள்வி வந்தது: இது உண்மையான வாடிக்கையாளர்களுக்குப் போகிறது, அனுப்பட்டுமா? அண்ணி வேண்டாம் என்று அழுத்தினாள். எந்தப் போனும் கத்தவில்லை. அந்த அமைதியைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வாளர் பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நாளைக்கே இந்தப் புரோகிராமை எடுத்துட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

முதலாளி பின்னறையை எட்டிப் பார்த்தார். வளைந்து கிடந்த கம்பி நிமிர்ந்திருந்தது, அதன் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதை எடுத்தாக் கஷ்டமில்லங்க" என்றார். "இந்தம்மா போயிட்டாத்தான் எனக்குக் கஷ்டம்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கோட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, கையிலிருந்த ஹேங்கரை எங்கே எறியலாம் என்று பார்த்தேன். அதற்குள் முதலாளி திரும்பவும் பேசினார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, தேர்வாளரைப் பார்த்தே சொன்னார்.

"துணியானாலும் சரி, ஆளானாலும் சரி, வேலை முடிஞ்சா நேரத்துக்கு அனுப்பிடணும். எனக்கு அது எப்பவும் வராதுங்க. நீங்க கேட்டதுக்கு, கஷ்டமா இருக்கும்னே எழுதிக்குங்க. புரோகிராமை இங்க விட்டுட்டு, இந்தம்மாவை அழைச்சுட்டுப் போங்க."

அதற்குப் பிறகு தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவரின் டோக்கன் நம்பரைச் சத்தமாக வாசித்தாள். வரிசை அப்படியே நின்றதே.

இப்போது அண்ணி அந்தக் கம்பெனிக்குத்தான் போகிறாள். அங்கே அவளைவிடச் சின்னவர்கள் அவளுக்கு மேலே இருக்கிறார்கள். சொன்னதை அவர்களுக்கும் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறதாம், வீட்டில் பழகியது உதவுகிறது என்கிறாள். தேர்வு நடந்த அன்று சாயங்காலமே அண்ணன் நாற்காலியைக் காலி செய்தான். அதற்கு ஒரு முதுகு இருப்பதை மகள் அப்போதுதான் பார்த்தாள். ஒரு வாரம் அது நாற்காலியாக இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஒரு சட்டை வந்து உட்கார்ந்தது. சட்டைக்குச் சுற்றமும் உண்டு.

சலவைக் கடைக் கவுண்ட்டரில் இப்போது நான் நிற்கிறேன். அன்றைக்குக் கூவிய கூவலைக் கேட்டு முதலாளியே வேலைக்கு வரச் சொன்னார். எடுக்க வராதவர்களுக்கு மெசேஜ் போகிறது, மரியாதையான வாசகம்தான், பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' தவறாமல் உண்டு. பின்னறை ஜன்னல் திறந்தே இருக்கிறது.

கம்பியில் ஒரே ஒரு கோட் மட்டும் இன்னும் அசையாமல் தொங்குகிறது. முதலாளியுடையது. அந்த ஒரு நம்பருக்கு மட்டும் பழைய வாசகமே போகவேண்டும் என்று அண்ணியிடம் கேட்டு அப்படியே வைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை அவர் போன் கத்தும். கண்ணாடியை ஏற்றி, காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை என்பது வரை வாசித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார். கோட்டை எடுத்துத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"கிடக்கட்டும்மா" என்றார். "எடுத்துட்டா மெசேஜ் நின்னுடும்."